சுழலும் நீரில் செடி வளர்ப்பு: வாளி அமைப்பைப் படிப்படியாகக் கட்டும் முறை

மண்ணில்லாமல் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறைகளில், பல வாளிகளைக் குழாயால் இணைத்து ஒரே சத்துக்கரைசலை ஓயாமல் சுழலவிடும் இந்த முறையைப் புதியவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பி.எச். (கரைசலின் அமில-காரத் தன்மை), இ.சி. (கரைந்துள்ள சத்தின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) இரண்டையும் ஒரே இடத்தில் அளந்து அங்கேயே திருத்திவிடலாம். ஆனால் ஓரிடத்தில் நேரும் தவறும் எல்லாச் செடிகளுக்கும் போய்ச் சேரும் என்பதால், செடியைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீரின் வழியைச் சரியாக அமைத்துவிட வேண்டும்.

முதலில் 20 லிட்டர் வாளிகள் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு செடிகளுக்கு, ஒன்று கரைசலை அளந்து திருத்தும் கட்டுப்பாட்டுத் தொட்டிக்கு. ஒளி உள்ளே புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதால், வெளிச்சம் ஊடுருவாத வாளிகளாகவே இருக்கட்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வரிசையாக நிறுத்துங்கள்.

அடுத்து, அடிப்பகுதிக்குச் சற்று மேலே துளையிட்டு, டேங்க் நிப்பிளும் (வாளிச் சுவரில் குழாயை மாட்டும் இணைப்பி) ரப்பர் வாஷரும் பொருத்தி, வாளிகளை 50 மி.மீ. பி.வி.சி. குழாயால் இணைக்க வேண்டும். துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். என் முதல் அமைப்பில் ஒரு பிசிறை விட்டுவிட்டேன்; நட்டை எவ்வளவு இறுக்கியும் வாஷர் படியாமல், இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

கட்டுப்பாட்டுத் தொட்டியில் நீர்மூழ்கி பம்ப்பை வைத்து, ஒரு சிறு குழாய் வழியாக மறுகோடியில் உள்ள வாளிக்குத் தண்ணீரை அனுப்புங்கள். அது அகலக் குழாய்களின் வழியே தானாகவே திரும்பி வரும். ஏறக்குறைய 75 லிட்டர் கரைசலுக்கு, மணிக்கு 400 லிட்டர் தள்ளும் பம்ப் போதுமானது. பம்ப் ஓடும்போது கோடி வாளியில் நீர் ஏறித் தொட்டியில் இறங்கினால், திரும்பும் வழி குறுகலாக இருக்கிறது அல்லது பம்ப் வேகம் அதிகம் என்று பொருள். பம்ப்பிலிருந்து செல்லும் சிறு குழாயில் ஒரு வால்வு வைத்து, அதைச் சற்று மூடிச் சரிசெய்யலாம்.

ஒவ்வொரு வாளியிலும், ஏர் பம்ப் அனுப்பும் காற்றைச் சிறு குமிழ்களாக நீரில் விடும் ஓர் ஏர் ஸ்டோன் கட்டாயம் வேண்டும். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் வேர் பழுப்பேறி, கொழகொழத்து அழுகிவிடும். ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லையெனில் மின்சாரம் நிற்கும்போது நீர் குழாய் வழியே பின்னேறி அதற்குள் புகுந்துவிடும்.

இப்போது வெறும் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். இந்த ஒரு நாளை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

கசிவில்லை என்று உறுதியானபின் சத்துகளைக் கலக்கலாம். ஏ, பி என இரு பகுதிகளாக வரும் சத்துகளை நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். ஒன்றை நீரில் நன்கு கரைத்தபின்பே மற்றதை ஊற்ற வேண்டும். லெட்யூஸுக்கு இ.சி. (mS/cm அலகில்) 0.8 முதல் 1.2 வரையும், காய்க்கும் தக்காளிக்கு 2 முதல் 3.5 வரையும் பொருந்தும். பி.எச். அளவைக் கடைசியில் 5.5 முதல் 6.5-க்குள் கொண்டுவாருங்கள். நீரின் வெப்பம் 18 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது.

நாற்றைச் சுட்ட களிமண் உருண்டைகள் நிரப்பிய வலைத்தொட்டியில் நட்டு, மூடியில் பொருத்துங்கள். தொடக்கத்தில் வலைத்தொட்டியின் அடியைக் கரைசல் தொட்டுக்கொண்டிருக்கட்டும். வேர் வெளியே இறங்கியதும் மட்டத்தை நான்கைந்து சென்டிமீட்டர் குறைத்தால், மேல்வேர்களுக்குக் காற்று கிடைக்கும்.

பி.எச்., இ.சி. இரண்டையும் நாள்தோறும் பாருங்கள். நீர் குறைந்து இ.சி. ஏறினால், செடி சத்தைவிட நீரையே அதிகம் குடிக்கிறது. வெறும் நீர் ஊற்றினால் போதும். இ.சி. இறங்கினால் சத்து சேர்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கரைசலை முழுவதும் மாற்றுங்கள். அப்போது மூடிகளைத் தூக்கி, வேர் குழாய் வாய்க்குள் நுழைந்திருந்தால் மெதுவாக வெளியே இழுத்துவிடுங்கள்.