முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய யப்பான் பீங்கான் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூவையும் கொக்கையும் ஆறுதலாக ரசிக்கலாம், முதலில் அடியைப் பாருங்கள். கடைக்கார நானா "இருநூறு வருசச் சாமான், தங்கச்சி" என்றால், "ஒருக்காக் கவிழ்த்துப் பாப்பம் நானா" என்று கையில் வாங்கிவிடுங்கள்.

முத்திரை இருந்தால் வேலை சுலபம். அமெரிக்காவுக்குப் போகும் சாமானில் செய்த நாட்டின் பெயர் வேண்டும் என்று 1891இல் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் 'நிப்பொன்' என்று, யப்பானியர் தங்கள் நாட்டுக்குச் சொல்லும் பெயரை அடித்தார்கள். 1921இல் அமெரிக்கச் சுங்கம் அதை ஏற்க மறுக்க, 'யப்பான்' ஆயிற்று. 'ஒக்கியுபைட் யப்பான்' (அந்நியப் படை பிடித்திருந்த யப்பான்) என்றால் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியது, 1952 வரையானது. நொரிடாகே என்ற யப்பான் கொம்பனியின் பெயரைக் கண்டதும் துள்ளவேண்டாம். எங்கள் ஆட்களின் கண்ணாடி அலுமாரிகளில் இருப்பதில் கனக்க மாத்தளையில் செய்தவை. அடியில் 'ஸ்ரீலங்கா' என்றிருந்தால் 1972க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அதுவரை நாங்கள் சிலோன்.

முத்திரை இல்லாததில்தான் ருசி. பீங்கான் நிற்கும் வளையத்தில் மினுக்கம் இராது. அதில் விரலை ஓட்டுங்கள். பழசென்றால் ஓரிடம் வழுவழுப்பு, ஓரிடம் சொரசொரப்பு. அழுக்கு உள்ளே ஊறிப்போயிருக்கும். மண்கடதாசி போட்டுப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே பக்கமாக ஓடும். யப்பானில் பீங்கானுக்குப் பேர்போன அரித்தா ஊரின் பெரிய தட்டுகளில் வளையத்துக்கு உள்ளே மூன்று, நாலு சின்னத் தழும்புகள் தெரியும். சூளையில் நடுப்பகுதி தொய்யாமல் முட்டுக்கொடுத்து, பிறகு உடைத்தெடுத்த அடையாளம் அது. பலர் பழுதென்று ஒதுக்குவார்கள். நான் அதைக் கண்ட பிறகே விலை பேசுவேன். சீன எழுத்தில் மிங் அரசர் காலம் குறித்திருந்தாலும் மயங்காதீர்கள், அரித்தாக்காரர் அதைத் தாராளமாக எழுதினார்கள்.

கொழும்பை ஆண்ட அதே ஒல்லாந்தக் கொம்பனிதான் 17ஆம் நூற்றாண்டில் நாகசாகியிலிருந்து அரித்தாப் பீங்கானைக் கப்பலேற்றியது. அதற்காக அந்தக் காலத்துத் தட்டு புறக்கோட்டையில் கிடக்கும் என்று அலையாதீர்கள். மெய்ஜி காலத்து (1868–1912) நீல அச்சுத் தட்டுகளில் தொடங்குங்கள். கோலம் வெட்டிய தாளை வைத்துப் பதித்தவை. கோலம் சந்திக்கும் இடத்தில் கோடு பொருந்தாமல் விலகி நிற்கும், நீலம் கண்ணைக் குத்தும். எனக்கு அந்த விலகல்தான் பிடிக்கும். 'ரோயல் சட்சுமா' என்று யப்பான் பெயர் போட்டுத் தங்கம் வழியும் சாடிகளை மட்டும் தொடவேண்டாம், அவை அண்மைக்காலச் சீனச் சாமான்.

ரோச் லைட்டைப் பின்னால் பிடித்தால் மயிரிழை வெடிப்புத் தெரியும். நகத்தால் தட்டினால் நல்லது கணீரென்னும், வெடித்தது 'டொக்'. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் வெந்நீரும் விம்மும் வேண்டாம், மேல்பூச்சுத் தங்கம் உரிந்துவிடும். மேல்வர்ணங்களில் ஈயம் இருக்கலாம் என்பதால் புளிக்குழம்பும் ஊற்றாதீர்கள்.

கனடாவில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதாயின், உண்மையிலேயே பழையதென்றால் தொல்பொருள் திணைக்கள அனுமதி வேண்டிவரும். பொதி கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.