முதல் வாய்மொழி வரலாற்று நேர்காணல்: இனவரைவியல் மாணவர்களுக்கான செய்முறை

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் தப்பி, இப்போது இராமேசுவரம் தீவில் வாழும் மீனவப் பெரியவர் ஒருவரை நீங்கள் சந்திக்கப் போவதாக வைத்துக்கொண்டு இந்தச் செய்முறையை விளக்குகிறேன். அன்று பத்து வயதுச் சிறுவர்களாக இருந்தவர்களே இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள் என்பதால், இது தள்ளிப்போடக்கூடிய பணி அன்று.

முதலில், அச்சில் கிடைப்பதைப் படித்துவிடுங்கள். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாருக்குச் சென்றதையும், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலை அன்றிரவு கடல் கொண்டுபோனதையும் அறிந்து சென்றால், அவர் மட்டுமே அறிந்தவற்றைக் கேட்க நேரம் கிடைக்கும்.

முதல் சந்திப்பில் எதையும் பதிவுசெய்ய வேண்டாம். நீங்கள் யார், பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், அவர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லுங்கள். தாளில் கையெழுத்திடத் தயங்குபவரிடம், அடுத்த சந்திப்பின் தொடக்கத்தில் வாய்மொழியாகவே ஒப்புதலைப் பதிவுசெய்யலாம்.

பதிவு நாளன்று கடற்காற்று நேரே அடிக்காத இடத்தில் அமர்ந்து, மைக்கிற்குப் பஞ்சுறை மாட்டி, கைபேசிக்கு அழைப்பு வராமல் செய்து, ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள்.

புயலைப் பற்றிய கேள்வியுடன் தொடங்காதீர்கள்; இதை நான் வலியுறுத்தியே சொல்வேன். வருபவர்கள் எல்லாரும் அதையே கேட்பதால், சொல்லிச் சொல்லிப் பழகிய கதையே முதலில் வரும். மேலும், அந்த ஒரு இரவுக்குச் சாட்சியாக மட்டும் அவரைக் காண்பது அவருடைய வாழ்க்கைக்கு நாம் செய்யும் அநீதி. "உங்க வீட்டிலேருந்து ஸ்டேஷனுக்கு எந்த வழியாப் போவீங்க, தாத்தா?" என்று கேளுங்கள், தெருவும், அண்டை வீட்டாரும், கரைவலை இழுத்த இடமும் தாமாகவே வரும். மாதம் நினைவில்லாதபோது, வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றுக் காலமா, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலமா என்று கேட்டால் விடை கிடைக்கும். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருங்கள். அவர் சொல்லும் நாளோ நேரமோ ஆவணத்துடன் முரண்பட்டால் திருத்தாதீர்கள், ஏனெனில் அந்த ஊரார் நிகழ்வை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே நீங்கள் ஆராயவேண்டிய பொருள்.

உடன் யார் இருந்தார்கள், எந்தக் கேள்விக்கு அவருடைய மனைவி குறுக்கிட்டு விடை சொன்னார் என்பன போன்றவற்றை அன்றிரவே களக்குறிப்பில் எழுதிவிடுங்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது வட்டார வழக்கை எழுத்துத் தமிழாக மாற்ற வேண்டாம். பின்னர் மீண்டும் சென்று, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, எந்தப் பகுதியை நீக்க வேண்டும், யாருடைய பெயரை மறைக்க வேண்டும் என்று கேட்டு, ஒலிப்பதிவின் ஒரு படியை அவருடைய வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.