சாடி மிளகாய் வெளிறினபோது

முற்றத்துச் சாடிகளில் நிண்ட மிளகாய்க்குக் குருத்திலை வெளிறத் தொடங்கிச்சு. நரம்பு மட்டும் பச்சை. அடியிலை முதலில் மஞ்சளானால் நைதரசன் குறைவு. குருத்து இப்பிடி வெளிறினால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. யூரியாவால் அது தீராது.

எங்கட மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, சிவப்பே அதாலதான். ஆனால் யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டினவை. அந்தத் தண்ணியை ஊத்த ஊத்தச் சாடி மண்ணின்ர காரத்தன்மை கூடும், அதை அளக்கிற பிஎச் எண் 7.5 தாண்டினால் வேரால் இரும்பை எடுக்கிறது கஷ்டம். பக்கத்து வீட்டு மாமி அடுப்புச் சாம்பல் போடச் சொன்னா. சாம்பலும் காரந்தான், தலையை மட்டும் ஆட்டினன்.

5 லீற்றர் வாளியைக் கவிழ்த்தால் வேர் பந்தாய்ச் சுத்திக் கிடந்தது. 20 லீற்றர் பெயின்ற் வாளிக்கு மாத்தினன், அடியில் ஓட்டை போட்டு. தனிச் சிவப்பு மண் சாடியில் இறுகிப்போகும். அதால மண், மக்கின மாட்டெரு, கழுவின தும்புத்தூள் மூண்டும் சமபங்கு. ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்புக் கிலேற், அதாவது காரமண்ணிலும் வேர் எடுக்கக்கூடிய இரும்பு உரம், கரைச்சு ஊத்தினன். காரமண்ணில் மற்றப் பல வகை சரியா வேலை செய்யாது.

புதுத் தளிர் பச்சையா வந்தது. மாரியில் இப்ப கூரைத் தண்ணியைப் பீப்பாவில் பிடிச்சு ஊத்துறன்.