கூச்சம் போன பிறகு கதைப்பேன் என்று காத்திருக்காதீர்கள்

இலங்கையின் கிழக்கே வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில், முதலாம் வருட வகுப்பொன்றில் "விளங்குதா?" என்று விரிவுரையாளர் கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். விளங்காத பிள்ளையின் தலையும் சேர்ந்துதான் ஆடும். அதை அடக்கம் என்று நாங்கள் மெச்சுகிறோம். அதே பிள்ளை கென்டீனில் தனியே இருந்தால் "பெரிய தலைக்கனம்" என்று பட்ச், அதாவது கூடப் படிக்கும் அதே வருட மாணவர் கூட்டம், ஒதுக்குகிறது. இரண்டும் பிழையான கணிப்பு. பழக விருப்பம் இல்லாதது வேறு, விருப்பம் இருந்தும் கூசுவது வேறு என்று 1981இலேயே சீக், பஸ் என்ற உளவியலாளர்கள் பிரித்துக் காட்டிவிட்டார்கள். கூச்சக்காரருக்கு ஆட்கள் வேண்டும். கிட்டப் போகத்தான் பயம்.

அடுத்தது, எல்லாப் பழியையும் ஆங்கிலத்தில் போடுவது. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு விஞ்ஞானத்தையோ முகாமைத்துவத்தையோ ஆங்கிலத்தில் கேட்பது பெரிய பாரம்தான். சிங்கள மாணவரோடு கதைக்கவும் பெரும்பாலும் அதே ஆங்கிலம்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முன்பின் தெரியாத ஒருவரிடம் தமிழில் தாராளமாகக் கதைக்க முடிகிறதா? முடிந்தால் உங்களுக்கு வேண்டியது மொழிப் பயிற்சி. தமிழிலும் நா எழவில்லை என்றால் வேர் வேறெங்கோ இருக்கிறது. பிறவிச் சுபாவத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு. "பெரியாக்கள் கதைக்கும்போது வாய் திறக்காதே" என்ற வீட்டு வளர்ப்பு, ஆண்களோ பெண்களோ மட்டும் படித்த பாடசாலை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமப் பேச்சைக் கேட்டு யாரோ ஒருநாள் சிரித்தது என்று மற்றவை பிறகு வந்து சேர்பவை.

இதையெல்லாம் விடக் கெடுதலானது நழுவிப்போவது. குழுவாகச் செய்யும் ஒப்படைகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தகவல் தேடியது, இரவிரவாக ஸ்லைட் செய்தது, எழுத்துப்பிழை திருத்தியது எல்லாம் அந்த ஒரு பிள்ளை. பிரசன்டேஷன் அன்று மடிக்கணினிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று ஸ்லைட் மாற்றுவதும் அதே பிள்ளைதான். கதைப்பது இன்னொருவர். தப்பினேன் என்று அந்த நேரம் மனம் ஆறும். அந்த ஆறுதல்தான் வினை. கதைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று அறியும் வாய்ப்பும் அதோடு போகிறது, அடுத்த முறை பயம் இன்னும் கூடுகிறது. ஆகவே கூச்சம் முதலில் போகட்டும் என்று நிற்காமல், கூச்சத்தோடேயே ஒரு ஸ்லைட்டையாவது கேட்டு வாங்கிக் கதையுங்கள். முழுவதையும் பாடமாக்க வேண்டாம். ஒரு சொல் மறந்தால் மிச்சமும் நின்றுவிடும். குறிப்புச் சொற்களோடு இரண்டு தோழர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது போதும்.

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள் என்று நம்புவதும் பிழை. உளவியலாளர் கிலோவிச்சும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், வெட்கப்படக்கூடிய படம் போட்ட டீ-சேர்ட்டுடன் மாணவர்களை மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அதைப் போட்ட மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர். நீங்கள் ஒருவரும் தனியாள் இல்லை: 1970களில் உளவியலாளர் சிம்பார்டோ அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வில் நூற்றுக்கு நாற்பது பேரளவில் தங்களைக் கூச்சக்காரர் என்றே சொன்னார்கள்.

கூச்சத்தைப் போக்கத்தான் பகிடிவதை (ராகிங்) என்று சொல்லும் சீனியர்களை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பலர் முன்னால் அவமானப்பட்ட பிள்ளை இன்னும் உள்ளே ஒடுங்கும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றமும்கூட. விரிவுரையாளர்களும் திடீரென்று ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்பதை விடலாம். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் கதைக்க விட்டுப் பிறகு கேட்டால், பேசாத வாயும் திறக்கும்.

வாய்மொழிப் பரீட்சைக்கே போகாமல் விடுவது, ஆட்களுக்குப் பயந்து சாப்பாட்டைத் தவிர்ப்பது, விரிவுரை நாளென்றாலே நெஞ்சு படபடப்பது என்று மாதக்கணக்கில் போனால் அதை வெறும் வெட்கம் என்று விட்டுவிடக் கூடாது. அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மாணவர் ஆலோசகரிடமோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ கதையுங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம்.