பழைய விசைப்படகு வாங்கியவர்கள் மின்பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் படகுகள் கரையில் நின்று பழுதுபார்க்கப்படுகின்றன. பழைய படகைப் புதிதாக வாங்கியவர்களும் அந்த நாள்களில்தான் மின்வேலையைக் கையில் எடுக்கிறார்கள். அடிப்பலகையைத் தட்டிப் பார்த்து, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டு, விலையைப் பேசி முடித்தவர்கள், ஒயர் எந்த வழியாக எங்கே போகிறது என்பதை மட்டும் பார்க்காமலேயே வாங்கிவிடுகிறார்கள். அதன்பின் அவர்கள் செய்யும் தவறுகள், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் என்னுடன் வேலை கற்றவர்களும் செய்த அதே தவறுகளாக இருப்பதால் இதை எழுதுகிறேன். பேட்டரியில் நீர் குறைந்திருப்பது, விளக்கை அணைக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவற்றை எவரும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

அளந்து பார்க்காமல் பொருளை மாற்றுவது

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓர் ஒலி மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுற்றவில்லை. உடனே பேட்டரி போய்விட்டது என்று ஒருவர் சொல்கிறார், புதிய பேட்டரி வருகிறது. ஓரிரு முறை எஞ்சின் கிளம்புகிறது, பிறகு பழையபடி ‘டக்’. அடுத்து, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் கழற்றப்படுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்த வரிசைதான், ஏனென்றால் இதில் வீணாகும் பணம் சிறிதன்று, உண்மையான பழுதோ பெரும்பாலும் சில அடி நீளமுள்ள கேபிளில் இருக்கிறது.

கடலூரில் உப்பனாற்றங்கரையில் கட்டியிருந்த ஒரு டீசல் படகுக்கு என்னை அழைத்திருந்தார்கள். அதை வாங்கிய இளைஞர் அதற்குள் புதிய பேட்டரி போட்டு, செல்ஃபைக் காயில் கட்டக் கொடுத்து, அதுவும் பயன்படாமல் புதிய செல்ஃபே வாங்கி மாட்டியிருந்தார். “அண்ணே, பேட்டரி புதுசு, செல்ஃபும் புதுசு, மீட்டர் வெச்சா பன்னெண்டரைக்கு மேல காட்டுது, இனிமே எஞ்சினைத்தான் பிரிக்கணும்னு சொல்றாங்க” என்றார். அவருடைய மீட்டர் சரியாகத்தான் காட்டியது. அளந்த நேரம்தான் தவறு.

மின்னோட்டம் ஓடாதபோது, கெட்டுப்போன இணைப்பும் முழு வோல்ட்டையே காட்டும். நூறு இழைகளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12.6 என்றுதான் சொல்லும். தொடர்ச்சி பார்க்கும் ‘பீப்’ ஒலியும் தயங்காமல் வரும். ஆனால் சாவியைத் திருப்பியவுடன் செல்ஃப் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், அந்த இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடுகிறது. சுமை ஏறியதும் பேட்டரியின் வோல்ட் எப்படியும் ஓரளவு இறங்கும் என்பதால், செல்ஃபுக்குப் போய்ச் சேருவது எட்டு வோல்ட் அளவுதான். அதில் அது சுற்றாது. கரைந்த 3 வோல்ட்டும் 450 வாட் வெப்பமாக அந்த இணைப்பில் இறங்குகிறது. இந்த 0.02 ஓமை மீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பிடிக்கவும் முடியாது. சாதாரண மீட்டரில் அது தென்படாத அளவு.

ஆகவே சுமையோடு அளக்க வேண்டும். முதலில் எரிபொருளை நிறுத்தியோ ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தோ எஞ்சின் கிளம்பாதபடி செய்துகொள்ளுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்கட்டும். ஒவ்வொரு முறையும் சில நொடிகளே போதும், நீட்டினால் செல்ஃப் சூடாகிவிடும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, அதன் ஒயர் நுனியில் உள்ள ஒரு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றொன்றை செல்ஃபின் பெரிய போல்ட்டிலும் வையுங்கள். முள்ளை ஈய முனையின் மேலேயே வைக்க வேண்டும், அதைச் சுற்றியுள்ள கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது. முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில்தான் பல நேரம் வெள்ளைப் பொடி படிந்திருக்கும், கிளாம்பில் வைத்தால் அந்தப் பழுது கணக்கிலிருந்து தப்பிவிடும். எஞ்சின் சுற்ற முயலும் அந்த நேரத்தில் மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்தப் பக்கம் சரி. அதற்கு மேல் காட்டினால் முனையிலிருந்து கிளாம்பு, கிளாம்பிலிருந்து கேபிள் நுனியில் நெரித்த லக், மெயின் சுவிட்சின் இரு பக்கங்கள் என்று துண்டு துண்டாக அளந்தால், வோல்ட்டை விழுங்கும் இடம் தானே அகப்படும்.

இதையே நெகட்டிவ் பக்கத்திலும், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் செல்ஃபின் உடலுக்கும் இடையில் செய்ய வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். லாரியிலும் வேனிலும் வேலை கற்றவர்களுக்கு இரும்பு உடல் முழுவதுமே எர்த்தாக இருப்பது பழக்கம். ஃபைபர் படகிலும் மரப்படகிலும் உடல் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினுக்கும் ஒவ்வொரு விளக்குக்கும் போகும் மின்னோட்டம் ஒயர் வழியாகவே திரும்பி வர வேண்டும். போகும் வழியில் எத்தனை இணைப்புகள் கெடலாமோ, திரும்பும் வழியிலும் அத்தனை கெடலாம்.

அந்த இளைஞரின் படகில் பாசிட்டிவ் பக்கம் ஒரு குறையும் இல்லை. நெகட்டிவ் பக்கத்தில் மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எஞ்சினில் முடுக்கியிருந்த லக்கின் மேல் யாரோ கறுப்பு ஸ்லீவ் போட்டு அழகாக மூடியிருந்தார்கள். பிளேடால் அதைக் கீறியபோது உள்ளே பச்சைக் களிம்பு. அதற்கு அப்பால் ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்து, விரலால் நிமிண்டியதும் இழைகள் பொடியாக உதிர்ந்தன. தேவைப்பட்டது ஒரு துண்டு கேபிளும் இரண்டு லக்கும்தான். பழைய செல்ஃபை மீண்டும் மாட்டிப் பார்த்தோம், அதுவும் நன்றாகவே சுற்றியது. பேட்டரியை மாற்றச் சொன்னவர்களில் ஒருவராவது சாவி திருப்பும்போது மீட்டரை வைத்திருந்தால் அந்த இளைஞரின் பணம் மிஞ்சியிருக்கும்.

பேட்டரியையும் சந்தேகிக்கத்தான் வேண்டும், ஆனால் அளந்த பிறகு. சார்ஜ் செய்து சில மணி நேரம் ஓய்வில் விட்ட 12 வோல்ட் பேட்டரி 12.6க்குக் குறையாமல் காட்ட வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரியின் முனைகளிலேயே சாவி திருப்பும்போது 9.6க்குக் கீழே இறங்கினால், அப்போது பேட்டரியை மாற்றுங்கள். 24 வோல்ட் படகாக இருந்தால் இந்த அளவுகளை இரட்டித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை நம்புவது

சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்பது புதுப் படகுக்குப் பொருந்தும். பல கை மாறிய படகில், அன்றைக்குக் கடையில் கிடைத்த நிறத்தில் ஒயர் ஓடியிருக்கும். எதையும் வெட்டுவதற்கு முன்பு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, இரு முனைகளிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டுங்கள். இதற்கு ஒரு முழு நாள் போகும். அந்த நாளை மிச்சப்படுத்தியவர்கள் பிறகு நடுக்கடலில் விளக்கு அணைந்த நிலையில் ஒயரின் முனையைத் தேடுகிறார்கள்.

முறுக்கி டேப் சுற்றுவது

கடற்காற்றில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, சுற்று தளர்ந்து, உப்பு ஈரம் உள்ளே ஏறுகிறது. ஏறிய ஈரம் செம்பு இழைகளின் இடுக்கு வழியாக ஒயருக்குள்ளேயே நெடுந்தூரம் பரவுகிறது. வெள்ளீயம் பூசிய செம்பு இழை ஒயரையும், சூடாக்கினால் பசை உருகி அடைக்கும் ஸ்லீவையும், சரியான கருவியால் நெரித்த லக்கையும் பயன்படுத்துங்கள். வெறும் ஈயப் பற்றவைப்பை மட்டும் நம்ப வேண்டாம். பற்றவைத்த இடம் விறைத்துப்போய், எஞ்சின் அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒடிகிறது.

வீட்டு ஒயரை இழுப்பது

ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் ஒடியும். படகில் அதற்கு இடமே இல்லை.

ஓடும் எஞ்சினில் பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பது

டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்ப்பதற்காக இதை இன்றும் கற்றுக்கொடுக்கிறார்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் எகிறி டைனமோவின் டயோடுகள் எரிந்துபோகலாம், ஜிபிஎஸ் கருவியும் விஎச்எஃப் ரேடியோவும் கெடலாம். எஞ்சினைச் சற்று வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். தெரிந்துகொள்ள அதுவே போதும்.

எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடுவது

கூடாது. அடுத்து எரிவது ஒயர்.

பெட்ரோல் படகில் மூடியைத் திறக்காமல் வேலை தொடங்குவது

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கி நிற்கும், ஒரு பொறி போதும். எல்லா மூடிகளையும் திறந்து, காற்றாடவிட்டு, மோந்து பார்த்த பிறகே பேட்டரியைத் தொடுங்கள். நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும்.

பில்ஜ் பம்பை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் இணைப்பது

மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்ல பழக்கம். ஆனால் தண்ணீர் இறைக்கும் பம்பும் அதோடு அணைந்தால், வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், கட்டிய இடத்திலேயே படகு மூழ்கும். நீர் ஏறினால் பம்பைத் தானே ஓடவிடும் மிதவை சுவிட்சுக்குப் போகும் ஒயர், பேட்டரிக்கு மிக அருகில் வைத்த தனி ஃபியூஸ் வழியாக நேராகப் பேட்டரியிலிருந்து வர வேண்டும். இந்த ஒயரின் இணைப்புகளை எப்போதும் நீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே கட்டுங்கள். உப்பு நீரில் மூழ்கிய இணைப்பிலிருந்து கசியும் மின்சாரம் அந்த ஒயரையும், அருகில் நீரில் இருக்கும் உலோகப் பகுதிகளையும் விரைவில் அரித்துவிடும். மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்து நிறைவடையாமல், மெயினை அணைத்துவிட்டு, அடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, பம்பு தானே ஓடி, இறைத்து, தானே நிற்கும் வரை பக்கத்தில் இருந்து பாருங்கள்.