அலமாரியில் அகப்படாத நூலைத் தேட ஒரு வழி

நூலகக் கணினியில் இருப்பில் உள்ளதாகக் காட்டும் நூல் உரிய இடத்தில் இல்லையெனில், அதன் பகுப்பெண்ணில் (பொருள்வாரியாக நூலுக்கு இடப்படும் எண்) அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி, அந்த எண்ணுக்குரிய தட்டில் முதலில் தேடுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூயி தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்குரிய எண் 894.811, திரும்பி வந்த நூல்களைக் கட்டுக்கட்டாக அடுக்கும் பணியாளரின் கண் அதனை 849 என்று படித்துவிடுவது மிக எளிது. பிரெஞ்சு இலக்கியத்தின் அருகில் வரும் அந்தத் தட்டில் நம் ஊர் நூலகங்களில் பெரும்பாலும் நூல்களே இராது என்பதால், வழிதவறி வந்த தமிழ் நாவல் உடனே கண்ணில் படும். வரிசைக்குப் பின்னாலும் கையை விட்டுத் துழாவிப் பார்க்கலாம். ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் அடுக்கும் சிறு நூலகங்களுக்கு இந்த இலக்கம் மாற்றும் வழி பொருந்தாது. நாளைக்கும் தமக்கே கிடைக்க வேண்டும் என்று போட்டித் தேர்வுக்குப் படிப்போர் சமையல் நூல்களுக்கு நடுவே ஒளித்துவைக்கும் பொது அறிவு நூலுக்கோ, எந்தக் கணக்கும் உதவாது.