நான்கு த்ரெட்டுகள், ஒரே பக்கம்: பேஜ் ஃபால்ட்டைக் கெர்னல் கையாளும் விதம்

கிளிநொச்சியில் என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலர், பேஜ் ஃபால்ட் என்றதும் நிரலில் ஏதோ பிழை என்று எண்ணிவிடுகிறார்கள். பிழையே இல்லை. நிரல் நினைவகம் கேட்டதும், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் முகவரிகளை மட்டுமே ஒதுக்குகிறது. அவற்றை முதன்முறை தொடும்போது எழுவதுதான் பேஜ் ஃபால்ட்; அப்போதுதான் உண்மையான பக்கம், அதாவது வழக்கமாக 4096 பைட் கொண்ட நினைவகத் துண்டு, தேடி வைக்கப்படுகிறது.

முதலில் அதைக் கண்ணால் பாருங்கள். சி மொழியில், கெர்னலிடம் நினைவகம் கேட்கும் எம்மேப் (mmap) அழைப்பு மூலம் 256 எம்பி கேளுங்கள். ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் நான்கு த்ரெட்டுகளுக்குப் பங்கிட்டு, 4096 பைட்டுக்கு ஒரு பைட் வீதம் எழுதச் செய்யுங்கள். நிரலின் வளப் பயன்பாட்டைச் சொல்லும் கெட்ஆர்யூசேஜ் (getrusage) காட்டும் மைனர் ஃபால்ட் (வட்டிலிருந்து எதையும் படிக்காமல் தீரும் ஃபால்ட்) எண்ணிக்கை 65,536ஐச் சற்றுத் தாண்டியிருக்கும். நூற்றுக்கணக்கில்தான் வந்தால், கெர்னல் 2 எம்பி பெரும் பக்கங்களைக் கொடுத்திருக்கிறது. நினைவகத்தைக் கையாளும் விதம் பற்றிக் கெர்னலுக்குச் சொல்லும் எம்அட்வைஸ் (madvise) அழைப்பு மூலம் அதை நிறுத்துங்கள்.

அடுத்து, நான்கு த்ரெட்டுகளையும் ஒரே பக்கத்தைத் தொட விடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டு த்ரெட்டுகள் ஒரே கணத்தில் ஃபால்ட் ஆகின்றன என்று வையுங்கள். இரண்டுக்கும் பூச்சியம் நிரப்பிய பக்கம் தனித்தனியே தயாராகிறது. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறித்து வைக்கும் பக்க அட்டவணைக்கு, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் மாற்ற விடும் லாக் ஒன்று உண்டு. முதலாவது த்ரெட் அதைப் பிடித்து, அந்த முகவரிக்கான பதிவு காலியா என்று பார்த்துத் தன் பக்கத்தைப் பதிகிறது. பின்னால் வந்தது லாக் கிடைத்ததும் மீண்டும் பார்க்கிறது; பதிவு நிரம்பிவிட்டதால் தன் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. லாக் பிடித்த பிறகு மறுபடி பார்க்கும் அந்த ஒரு வரியை விட்டால், முதல் த்ரெட் எழுதியது அழிந்துபோகும்.

இனிப் பெரிய லாக். முன்பு ஃபால்ட்டுகள் முழு புரோசஸுக்கும் பொதுவான எம்மேப் லாக்கை வாசிப்பு முறையில், அதாவது பலர் ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடிய முறையில், பிடித்தன. ஒரு த்ரெட் முகவரி வரைபடத்தை மாற்றத் தொடங்கினால் மற்றவை காத்திருந்தன. ஒரு வாய்க்காலைத் திருத்துவதற்காக இரணைமடுத் துருசையே மூடுவது போன்றது அது. 2023இல் வந்த லினக்ஸ் 6.4, ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் தனி லாக்கைக் கொடுத்தது. அது கிடைக்காதபோது மட்டும் பழைய லாக்குக்குத் திரும்புகிறது.

இதைச் சோதிக்க, சிறு பகுதியொன்றை ஓயாமல் எடுத்து விடுவிக்கும் ஐந்தாவது த்ரெட்டைச் சேர்த்து, 6.4க்கு முந்திய கெர்னலிலும் பிந்தியதிலும் நேரத்தை அளந்து பாருங்கள். அந்தப் பகுதியை வாசிக்க மட்டும் அனுமதியுள்ளதாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் 256 எம்பி பகுதியோடு கெர்னல் அதை இணைத்துவிடக்கூடும். பிறகு இரண்டுக்கும் ஒரே லாக்தான்.